சேம்பரில் ஒரு பள்ளம்

அக்டோபர் 27, திங்கள்

உரக்கடையில் கொடுத்த டைரி பத்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றுதான் பிரிக்கிறேன். மனக்குறையைக் கொட்டுவதற்கு இல்லை, அதற்கெல்லாம் எனக்கு நேரம் கிடையாது. செய்கிற வேலையைத் தேதி போட்டு எழுதி வைத்தால், பின்னால் யாரும் பூரணம் மாற்றிப் பேசுகிறாள் என்று சொல்ல முடியாது. இந்த மலையில் இருபத்தாறு வருஷமாகத் தபாலில் முத்திரை குத்துகிறவள் நான். தேதி இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை.

காலையில் சவரிமுத்து வந்தான். என் வீட்டுக்காரருடைய தம்பி, அவனும் ஜீப் ஓட்டுகிறவன்தான். வந்தவன் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். விஷயம் என்ன என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"பதினெட்டாம் தேதி அண்ணனுக்கு முதல் வருசப் பூசை. ரபேலைக் கூப்பிடணும் மதினி."

"எந்த ரபேலு?"

"வெளாடாதீங்க. பெத்த மகன்."

"அப்பனைக் கொன்னவன் எனக்கு மகன் இல்ல."

இதை நான் ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. ஆனாலும் எழுதி வைக்கிறேன். போன நவம்பர் பதினெட்டு, மத்தியானம் மூன்று மணி. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. மகன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். குதிரைப்பாறை வளைவில் இன்ஜின் இறுகி வண்டி நின்றுவிட்டது. அங்கே செல்போனும் எடுக்காது. முக்கால் மணி நேரம் கழித்துப் பால் வண்டி வருவதற்குள் என் சந்தியாகு போய்விட்டார். ஏன்டா நின்றது என்று கேட்டதற்கு அவன் வாயாலேயே சொன்னான்: "கல்லுல சேம்பர் அடிச்சிருச்சும்மா. நான் கவனிக்கல." சேம்பர் என்றால் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி. அது உடைந்து ஆயில் போனால் இன்ஜின் போச்சு. ஜீப்காரர் வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது.

சவரிமுத்து விடவில்லை. "நானும்தான் இருவது தடவை சேம்பரைக் கல்லுல இடிச்சிருக்கேன். இன்ஜின் ஓடத்தான் செஞ்சுச்சு. வேற கோளாறா இருக்கும் மதினி. நான் கழட்டிப் பாக்குறேன்."

"நீ அவன் கட்சி. நீ கழட்ட வேண்டாம். நானே கழட்டுறேன். சேம்பர்ல பள்ளம் இருந்தா அவன் பூசைக்கு வரக்கூடாது, நீயும் அவன் பேச்சை என்கிட்ட எடுக்கக்கூடாது. பள்ளம் இல்லைன்னா நானே போன் போட்டு வாடா மகனேன்னு கூப்பிடுறேன்."

"நீங்களா கழட்டுவீங்க?"

"ஏன், கை இல்லையா எனக்கு?"

அவன் போனபின், போன வருஷம் கட்டி இழுத்து வந்து போட்ட ஜீப்பின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவினேன். உள்ளே ஒரு கோழி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதைக் காலி பண்ணவே அரை மணி ஆயிற்று.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆபீஸை மத்தியானம் மூடிவிட்டு வந்து வேலையை ஆரம்பித்தேன். அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். சேலையோடு ஜீப்புக்கு அடியில் போக முடியாது.

சேம்பரைக் கழற்றுமுன் அதில் இருக்கிற ஆயிலை இறக்க வேண்டும். அடியில் ஒரு பெரிய போல்ட் இருக்கும், அதைத் திறந்தால் ஆயில் வரும். உடைந்த சேம்பரில் என்ன பெரிய ஆயில் இருக்கப்போகிறது என்று சோறு வடிக்கிற சட்டியை வைத்தேன். அது நிரம்பி வழிந்தது. ஓடிப்போய்த் துணி ஊறவைக்கிற பேசினை எடுத்து வந்தேன். அதுவும் முக்கால்வாசி நிரம்பிற்று. கையெல்லாம் கறுப்பு.

ஓட்டை மேல்பக்கம் இருக்கும்போல. மேல்பக்கம் இருந்தால் அடியில் ஆயில் தங்கத்தான் செய்யும்.

அக்டோபர் 30, வியாழன்

சாதாரண வண்டியில் போல்ட்டைக் கழற்றினால் சேம்பர் கையில் வந்து உட்கார்ந்துவிடும். இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன் சக்கரம் இரண்டையும் இணைக்கிற ஆக்சில் சேம்பருக்கு நேர் கீழே குறுக்கே படுத்திருக்கிறது. சேஸ் என்கிற அடிச்சட்டத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரங்களைத் தொங்கவிட்டால் ஆக்சில் தன் எடையில் கீழே இறங்கும். அப்போதுதான் சேம்பர் வெளியே வர ஒரு சாண் இடம் கிடைக்கும். முன் சக்கரங்களைச் சுழற்றுகிற ஷாஃப்டையும் கழற்றி ஓரமாகக் கட்டவேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். "பூரணம், பதிமூணு" என்றால் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர். "பூரணம், வெளிச்சம்" என்றால் டார்ச். வெறும் "பூரணம்" என்றால் காபி.

ஷாஃப்ட் போல்ட் நாலில் மூன்று வந்தது. நாலாவது அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். ஜீப்புக்கு அடியில் கிடந்தபோது மேலத்தெரு பாக்கியம் ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். என் காலையும் சட்டை நுனியையும் மட்டும் பார்த்துவிட்டு, "போஸ்ட்டம்மா இல்லீங்களாண்ணே?" என்றாள். சட்டையைப் பார்த்து யார் என்று நினைத்தாளோ. நான்தான் என்றதும் வந்த வழியே போய்விட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே போனேன். அவர் கல்லறையில் ஏற்கெனவே புல் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றியிருந்தது. மெழுகு உருகி அடிவரை வந்துவிட்டது, அப்படியென்றால் விடியுமுன்னே யாரோ வந்திருக்க வேண்டும்.

பூசை முடிந்ததும் சவரிமுத்துவைப் பிடித்து, எனக்குமுன் வந்து உன்னை யார் செய்யச் சொன்னது, அது என் வேலை என்று சத்தம் போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரி மதினி, இனிமே செய்யல" என்றான். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவன். அவன் கையில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கவில்லை. கழுவியிருப்பான்.

போன வருஷம் இதே இடத்தில்தான் அது நடந்தது. பெட்டியைக் குழியில் இறக்கியபின் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ரபேல் குனிந்து மண்ணை அள்ளினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். "அப்பனைக் கொன்ன கையால மண்ணு போடாத" என்றேன். ஊரே நின்றுகொண்டிருந்தது. சாமியார் என் தோளைப் பிடித்தார். அவன் தள்ளிப்போய் நின்றான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான். இப்போது பொள்ளாச்சியில் தென்னைநார் கம்பெனியில் மூட்டை தூக்குகிறானாம். லைசென்ஸ் வைத்திருக்கிறவன் மூட்டை தூக்குவானேன். செய்த தப்பு உறுத்துகிறது, அதனால் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்கிறான். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

நாலாவது போல்ட் வந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரத் துண்டுகளை அடுக்கி முட்டுக் கொடுத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறவன் மடையன் என்று அவர் சொல்வார். நெஞ்சு வலியை மட்டும் சும்மா நெஞ்செரிச்சல் என்று நம்பிக்கொண்டு இருந்தாரே, அதற்கு என்ன பெயர்.

அன்றைக்கு நானும் கூடப் போயிருக்க வேண்டும். "நீ ஆபீஸைச் சாத்திட்டு நிதானமா வா, ஒண்ணுமில்ல" என்றார். தபால் பையைக் கட்டி அரக்கு வைக்க வேண்டியிருந்தது. நானும் சரி என்றுவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

சேம்பரைச் சுற்றி இருபது போல்ட். பதினான்கு கழற்றினேன். தோள்பட்டை விட்டுப்போயிற்று. மல்லாந்து படுத்துக்கொண்டு கையை மேலே தூக்கிச் செய்கிற வேலை, ஆம்பிளைகள் இதைச் செய்துவிட்டு வந்து ஏன் எரிந்து விழுகிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

சேம்பரைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது அவர்தான். போன வருஷம் நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சேம்பருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங் அட்டை போய் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. புது பேக்கிங் வைத்து, அது ஒட்டுவதற்குப் பேஸ்ட் போட்டு, ஒழுங்காகத்தான் மாட்டினார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இருபது போல்ட்டும் வந்துவிட்டது. சேம்பர் வரவில்லை.

ரப்பர் சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. பேஸ்ட் போட்டு ஒட்டியது அப்படியே வஜ்ஜிரமாகப் பிடித்திருக்கிறது. மீன் அரிகிற கத்தியை எடுத்து வந்து விளிம்பைச் சுற்றி அறுத்தேன். சுற்றி வர இரண்டு மணி நேரம். நீலக் கலர் பேஸ்ட் விளிம்பு முழுக்க இறுகிக் கிடக்கிறது. ஒட்டினால் இப்படித்தான் ஒட்டவேண்டும் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருவழியாகச் சேம்பர் கீழே இறங்கிற்று. ஆனால் ஆக்சிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிற குழாய் ஒன்று உண்டு. அதன் வாயில் சல்லடை மாதிரி ஒரு ஸ்ட்ரெய்னர் இருக்கும். அது சேம்பருக்குள் தொங்கிக்கொண்டு தடுக்கிறது. இடுக்கில் கையை விட்டு அதன் இரண்டு போல்ட்டையும் கழற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தடவினேன். சல்லடையின் மேல் விரல் பட்டது. கம்பி வலை கையில் தட்டுப்படவில்லை. ரப்பர் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது.

கையை எடுத்துவிட்டேன். நாளை பார்க்கலாம்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. ஜீப் பக்கம் போகவில்லை.

நவம்பர் 8, சனி

ஸ்ட்ரெய்னரைக் கழற்றினேன். சேம்பரையும் வெளியே எடுத்தேன்.

சேம்பரை டீசல் ஊற்றிக் கழுவி, களத்தில் வெயிலில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் இருக்கிறது, பழைய கீறல். இந்த ரோட்டில் ஓடுகிற எந்த ஜீப்புக்கும் இருக்கிற கீறல். ஓட்டை இல்லை. வெடிப்பு இல்லை. தண்ணீர் ஊற்றி வைத்தேன், ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு துளி ஒழுகவில்லை.

ஸ்ட்ரெய்னர் முழுக்க நீலப் பேஸ்ட். சேமியா மாதிரி இழை இழையாகப் பிய்ந்து வந்து, சல்லடைக் கண்ணையெல்லாம் அடைத்திருக்கிறது. சேம்பரில் ஆயில் நிறைய இருந்திருக்கிறது, இன்ஜினுக்குத்தான் ஒரு சொட்டுப் போகவில்லை.

இந்தக் காலத்தில் கடையில் விற்கிற சாமான் எதுவும் தரமில்லை. பேஸ்ட் நல்லதாக இருந்தால் இப்படிப் பிய்ந்து வருமா.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி.

இன்று சேம்பரை மறுபடியும் நன்றாகப் பார்த்தேன். அடிப்பக்கம் இடது ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. நேற்று நான் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளங்கை அளவுக்கு இருக்கிறது. கல்லில் அடித்தால்தான் அப்படி விழும்.

சவரிமுத்துவுக்கு ஆள் விட்டிருக்கிறேன். வந்து பார்க்கட்டும்.

நவம்பர் 10, திங்கள்

சவரிமுத்து வந்தான். சேம்பரைக் கையில் கொடுத்தேன்.

"பாத்துக்க. பள்ளம்."

அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவினான். ரொம்ப நேரம் தடவினான். பிறகு பழைய கீறல்களைத் தடவினான். அதிலெல்லாம் துரு ஏறியிருந்தது.

"பள்ளம் பளபளன்னு இருக்கு மதினி" என்றான்.

நான் கையை முந்தானையில் துடைத்தேன்.

"ஒரு வருசம் ஆச்சே. துருப்பிடிச்சிருக்கணுமே."

"கழுவினேன். கழுவினா பளபளப்பு வராதா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. களத்து ஓரம் கிடந்த சம்மட்டியைப் பார்த்தான், அதற்குப் பக்கத்தில் உருண்டு கிடந்த கல்லையும் பார்த்தான். சேம்பரைச் சுவரோரம் மெதுவாகச் சாய்த்து வைத்தான்.

"சரி மதினி. பள்ளம் இருக்கு. ரபேலைக் கூப்பிடல. நீங்க சாப்பிட்டீங்களா?"

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனான் பாவி.

நவம்பர் 11, செவ்வாய்

யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்று ஆரம்பித்த டைரி இது. நானே மாற்றி எழுதிவிட்டேன். இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சேம்பரைக் கவிழ்த்து, கல்லை வைத்து, சம்மட்டியால் அடித்தேன். மூன்று அடி. முதல் இரண்டு அடிக்கு அது மசியவில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். பேஸ்ட்டைப் போட்டது அவர் இல்லை. நான்.

ஜீப்பை நிறுத்துகிற களம்தான் நான் மிளகு காயவைக்கிற களம். ஆயில் சொட்டிச் சொட்டி ஒரு தடவை காயவைத்த மிளகில் பாதி நாறிப்போயிற்று. அதிலிருந்து ஒரு மாதம் அவரை நான் சும்மா விடவில்லை. சோறு போடும்போது சொல்வேன், படுக்கும்போது சொல்வேன். கடைசியில் மனுஷன் ஞாயிற்றுக்கிழமை சேம்பரைக் கழற்றினார். அப்போதே அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பேஸ்ட் கோணல்மாணலாகப் போயிற்று. அவரிடமிருந்து ட்யூபைப் பிடுங்கி நான் போட்டேன்.

"நூல் கனம் போதும் பூரணம். பிதுங்குனா உள்ளயும் பிதுங்கும்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. நூல் கனம் போட்டுத்தான் இத்தனை நாள் ஒழுகுச்சு" என்றேன். ஒரு முழு ட்யூப். பேக்கிங்குக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, போல்ட் ஓட்டையைச் சுற்றித் தனியாக. வெளியே பிதுங்கினதை அவர் துணியால் வழித்து எடுத்தார். உள்ளே பிதுங்கினதை யார் பார்த்தது. "உங்கம்மா கேக்குக்கு ஐசிங் போட்டிருக்கா பாருடா" என்று ரபேலைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் சிரித்தோம்.

எட்டாம் நாள் போய்விட்டார்.

பேஸ்ட்டை ஸ்ட்ரெய்னரில் தொட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறுநாள் மழை என்று எழுதினேன். அன்றைக்கு மழை பெய்யவே இல்லை.

என் புருஷனைக் கொன்றவள் நான். பழியைப் பெற்ற பிள்ளை தலையில் கட்டினவளும் நான். பிள்ளையைத் துரத்திவிட்டு, ஒரு வருஷம் கழித்து, அந்தப் பழி கழன்றுவிடக் கூடாது என்று சம்மட்டி எடுத்தவளும் நான்தான். இதற்கு மேல் ஒரு பொம்பளை என்ன செய்ய முடியும்.

நவம்பர் 12, புதன்

மத்தியானம் ரபேலுக்குப் போன் போட்டேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம். எடுத்தான். பின்னால் நார் அடிக்கிற மிஷின் சத்தம்.

"அம்மா" என்றான். அவ்வளவுதான்.

"சேம்பரைக் கழட்டிட்டேன்டா."

மிஷின் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தான்போல.

"எதுக்கும்மா கழட்டுன?"

"கல்லு எங்கடா அடிச்சுச்சு?"

"ரோட்டுலதான்."

"ரோட்டுல எங்க?"

"குதிரைப்பாறைக்கு மேல. நான்தானம்மா ஓட்டுனேன். எனக்குத் தெரியாதா? அடிச்சுச்சு."

"சேம்பர்ல அடிபட்ட தடமே இல்ல. ஸ்ட்ரெய்னரையும் பாத்துட்டேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அதைத் தூக்கிப் போட்டுரும்மா" என்றான். "யார்கிட்டயும் காட்டாத. கல்லுதான் அடிச்சுச்சு. அப்படியே இருக்கட்டும்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கையில் தொழில் தெரிந்தவன், யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பான். என் மேல் பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது, கோபம்கூட வந்தது. என் பிள்ளை எனக்குப் பிச்சை போட வேண்டுமா.

"பூசைக்கு வா. நான் கூப்பிடுறேன்" என்றேன். "வரேன்" என்றான்.

நவம்பர் 14, வெள்ளி

சாமியாரைப் பார்த்தேன். பதினெட்டாம் தேதிப் பூசையில் வீட்டார் மன்றாட்டு வாசிக்க வேண்டும், யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாசிக்கிறேன் என்றேன். எழுதித் தாருங்கள், பார்த்துக் கொடுக்கிறேன் என்றார். இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். நான் சொல்லப்போவது அதில் இல்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சாமியார் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் மகனைப் பழித்தது ஊர் முன்னால். ஊர் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

ரபேல் வந்துவிட்டான். வீட்டுக்கு வரவில்லை, சித்தப்பன் வீட்டில் தங்கியிருக்கிறான். நானும் வற்புறுத்தவில்லை. சவரிமுத்து பெண்சாதியிடம் கொடுத்தனுப்பலாம் என்று கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அவள் வந்து தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் சட்டி கழுவித் திரும்பி வந்தது.

"சாப்பிட்டானா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டி சோறு வாங்குனான் அக்கா. ஆளு கறுத்துப் போயிட்டான். தோள்ல மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ச்சுக் கெடக்கு."

நவம்பர் 18, செவ்வாய்

ராத்திரி ரொம்ப நேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கோயில் நிறைய ஆள். ஜீப்காரர்கள் எல்லாரும் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ரபேல் கடைசி வரிசையில், கதவோரம் நின்றான். போன வருஷம் மண்ணைத் தட்டிவிட்டதைப் பார்த்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருத்தரும் அவன் பக்கத்தில் போய் நிற்கவில்லை. சவரிமுத்து மட்டும் நின்றான்.

மன்றாட்டு வாசிக்கப் போனேன். எழுதிக் கொடுத்த இரண்டு வரியை வாசித்தேன். எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நான் இறங்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "என் மகன் மேல தப்பு இல்ல. கல்லு அடிக்கல. சேம்பரை நானே கழட்டிப் பாத்தேன். அன்னைக்குப் பேஸ்ட் போட்டது நான். வேணாம் வேணாம்னு அவரு சொல்லியும் கேக்காம அப்பிவச்சேன். அதுதான் உள்ள போயி அடைச்சுருச்சு. வண்டி நின்னதுக்கு நான்தான் காரணம். அவரு சாவுக்கும் நான்தான் காரணம். பெத்த பிள்ளையை அப்பனுக்கு மண்ணு போடவிடாம அடிச்சேன். நீங்க எல்லாரும் பாத்தீங்க. இதையும் கேட்டுக்குங்க."

முன்வரிசையில் பாக்கியம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சாமியார் வந்து என் கையைப் பிடித்து, "உட்காருங்கம்மா" என்றார். நான் உட்காரும்போது கதவுப் பக்கம் பார்த்தேன். ரபேல் அங்கே இல்லை.

பூசை முடிந்து கல்லறையை மந்திரிக்க எல்லாரும் போனோம். அவன் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தான். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஊரும் ஒவ்வொருத்தராகப் போயிற்று. சவரிமுத்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். நானும் அவனும் மட்டும்.

அவன் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. பழி போயிற்றே என்று என் கையைப் பிடிப்பான், நான் அழுது தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில்கூட என் மேல் அப்படி ஒரு கோபத்தை அவன் காட்டியதில்லை.

"ஏம்மா சொன்ன? சொல்லாத, தூக்கிப் போட்டுருன்னு போன்லயே சொன்னேன்ல."

"உன் பழி போகணும்ல."

"எனக்குப் பழி ஒண்ணும் பெருசா இல்லம்மா. ஒரு வருசம் தூக்கிட்டேன். சாகிற வரைக்கும் தூக்கியிருப்பேன்." குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. "ஒரே ஒரு காரியம் சொல்லிட்டுப் போனாரு. அதைக்கூடக் காப்பாத்த விட மாட்டேன்னுட்ட."

"யாரு?"

அவன் கல்லறையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வண்டி நின்னதும் கீழ எறங்கிப் பாத்தேன். ஒரு சொட்டு ஒழுகல. ஆயில் அளக்குற குச்சியை உருவிப் பாத்தேன், ஆயில் நெறயா இருந்துச்சு. ஒண்ணும் புரியலப்பான்னு அப்பாகிட்ட சொன்னேன். அந்த வலியிலயும் சிரிச்சாரும்மா. உங்கம்மா போட்ட பேஸ்ட்டுடான்னாரு."

நான் கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அவகிட்ட சொல்லிறாத, தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டாடா, கல்லுல அடிச்சுருச்சுன்னு சொல்லிருன்னாரு. நான் அழுதுக்கிட்டு, வாயை மூடிட்டுப் படுங்கப்பா, வண்டி ஏதாச்சும் வரும்னு கத்துனேன். அவரு கேக்கல."

"வேற என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன். ஒரு வருஷமாக நான் கேட்காமல் விட்ட கேள்வி. மனுஷன் கடைசியாக என்ன பேசினார் என்று கூட இருந்த பிள்ளையிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"வேற ஒண்ணும் சொல்லலம்மா. அந்த முக்கா மணி நேரமும் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, சொல்ல மாட்டேன்னு சொல்லுடா, சொல்லுடான்னு. சரிப்பா, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அப்புறம்தான் கையை விட்டாரு."